ப்ளூடூத்ல பேசிட்டே வண்டி ஓட்டினா என்ன தப்பு?

கேள்வி இது: "பதினைஞ்சு வருஷமா கார் ஓட்டறேன், வண்டில ஒரு கீறல் கூட விழுந்ததில்ல. ஓட்டும்போது போனை கைல எடுக்கறதே இல்ல, எல்லாம் ப்ளூடூத் தான். கை ரெண்டும் ஸ்டியரிங்ல, கண்ணு ரோட்ல. பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட பேசறதில்லையா, அது மாதிரி தானே இதுவும்? அப்புறம் ஏன் இதை இவ்ளோ பெரிய விஷயமா பேசறாங்க?"

இவ்ளோ ஓப்பனா கேட்டதே நல்லது. டிரைவர்களுக்கு பயிற்சி குடுக்கற வேலைல நான் ரொம்ப வருஷமா இருக்கேன், என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் "ஓட்டும்போது போனை தொடவே மாட்டேன்"னு தான் ஆரம்பிப்பாங்க, கொஞ்சம் கிளறினா ப்ளூடூத்ல பேசறது அவங்க கணக்குலயே வராதுன்னு தெரியும். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன், அதை அப்புறம் சொல்றேன். கைல போன் வெச்சு பேசறது, டைப் பண்றது இதெல்லாம் அப்பட்டமான ஆபத்து, அதுல பேச்சே இல்ல. ஆனா நீங்க பண்றதும் நீங்க நெனைக்கற அளவுக்கு சேஃப் கிடையாது, ஏன்னா பிரச்சனை கைல ஆரம்பிக்கறதே இல்ல.

வண்டி ஓட்டறதுன்னா என்னன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஸ்டியரிங் பிடிக்கறது, கியர் மாத்தறது, பிரேக் அமுக்கறது எல்லாம் அதுல சின்ன பங்கு, பழகிட்டா அதெல்லாம் கை காலே பாத்துக்கும். மிச்சம் பூரா ஊகம் தான். ஓரமா நிக்கற வேனுக்கு அடில ரெண்டு கால் தெரியுது, அப்ப அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க, திடீர்னு வெளிய வரலாம். முன்னாடி போற வண்டி லேசா ஒரு பக்கமா ஒதுங்குது, இண்டிகேட்டர் போடல, ஆனா திரும்ப போறான். ரோட்டுக்கு குறுக்க பந்து ஒண்ணு உருண்டு வருது, பின்னாடியே ஒரு குழந்தை ஓடி வரும். இப்படி ஒரு நிமிஷத்துக்கு எத்தனையோ கணக்கு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, நமக்கே அது தெரியறதில்ல. போன்ல பேச ஆரம்பிச்சா கை கால் வேலை அப்படியே நடக்கும், வண்டி லேன்லயே போகும், முன்னாடி வண்டி பிரேக் போட்டா நாமளும் போடுவோம், அதனால தான் எல்லாம் சரியா போற மாதிரி ஒரு நெனப்பு வருது. நின்னு போறது இந்த ஊகம் பண்ற வேலை தான்.

மூளை ஒரே நேரத்துல ரெண்டு யோசிக்கற வேலைய செய்யும்னு நாம நெனைக்கறோம், நிஜத்துல அது இங்கயும் அங்கயும் மாறி மாறி ஓடுது, அவ்ளோ வேகமா மாறறதால ரெண்டும் ஒண்ணா நடக்கற மாதிரி தோணுது. 2008ல அமெரிக்கால கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வெச்சு திரைல வண்டி ஓட்ட விட்டாங்க, அப்படியே சில வாக்கியங்கள காதுல கேக்க விட்டு அது சரியா தப்பான்னு சொல்ல சொன்னாங்க. கைல போன் இல்ல, டயல் பண்றது இல்ல, பதிலுக்கு பேசறது கூட இல்ல, சும்மா கேட்டு புரிஞ்சுக்கறது மட்டும் தான். அதுக்கே வண்டி ஓட்டறதோட தொடர்புள்ள மூளைப் பகுதில, இடம் தூரம் பத்தி எல்லாம் கணக்கு போடற இடம் அது, செயல்பாடு 37 சதவீதம் குறைஞ்சு போச்சு. வண்டி லேனை விட்டு விலகறதும் கூடிச்சு.

"அப்ப ரேடியோ கேக்கறதும் தப்பா"ன்னு கேப்பீங்க, எல்லாரும் இந்த இடத்துல கேப்பாங்க. அமெரிக்கால யூட்டா யுனிவர்சிட்டில டேவிட் ஸ்ட்ரேயர்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருக்கார், இந்த விஷயத்துல இவர் வேலை தான் அதிகம் பேசப்படுது. 2001ல இவரும் ஜான்ஸ்டன்ங்கறவரும் சேர்ந்து இதையே சோதிச்சாங்க. ஸ்க்ரீன்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா பிரேக் பட்டனை அமுக்கணும். ரேடியோ கேட்டவங்க, ஆடியோ புக் கேட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகல. போன்ல பேசினவங்க தவறவிட்ட சிக்னல் ரெண்டு மடங்கு ஆச்சு, கவனிச்சு அமுக்கினதும் லேட்டா தான். கைல பிடிச்சு பேசினாலும் ஹேண்ட்ஸ் ஃப்ரீல பேசினாலும் ஒரே கதை. ரேடியோ உங்ககிட்ட பதில் எதிர்பாக்காது, ரோட்ல ஏதாவது நடந்தா அதை காது தானா விட்டுடும், அப்புறம் "என்ன பாட்டு போச்சு"ன்னு கூட ஞாபகம் இருக்காது, நஷ்டமும் இல்ல. போன்ல அப்படி விட முடியாது, அந்தப் பக்கம் ஒருத்தர் காத்திட்டிருக்கார், அவர் சொன்னத புரிஞ்சுக்கணும், பதில் தயார் பண்ணணும், குரல்ல கோவம் இருக்கான்னு பாக்கணும்.

"கண்ணு ரோட்ல தான் இருக்கு"ன்னு சொன்னீங்க இல்லையா, உங்க கேள்விலயே முக்கியமான இடம் இது தான். கண்ணு ஒரு பொருள் மேல படறதும் அதை நாம பாக்கறதும் வேற வேற. அதே ஸ்ட்ரேயர் டீம் 2003ல சிமுலேட்டர்ல, அதாவது நிஜ வண்டி மாதிரியே செஞ்ச மெஷின்ல, ஓட்டறவங்களோட கண் எங்க போகுதுன்னு கருவி வெச்சு அளந்தாங்க. ரோட்டோர விளம்பர பலகைகள் மேல போன் பேசறவங்க கண்ணும் பட்டிருக்கு, அது பதிவாயிருக்கு, ஆனா அப்புறம் "இதுல எதை பாத்தீங்க"ன்னு கேட்டா பேசாம ஓட்டினவங்கள விட ரொம்ப கம்மியா தான் அடையாளம் சொன்னாங்க. கண்ணு பாத்துச்சு, மூளை வாங்கிக்கல, அவ்ளோ தான்.

வண்டிய விடுங்க, நடக்கறதுக்கே இப்படித்தான். வெஸ்டர்ன் வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஒரு வேடிக்கையான சோதனை பண்ணாங்க, ஒரு கோமாளி வேஷம் போட்டவர் ஒத்த சக்கர சைக்கிள்ல, பளிச்சுன்னு கலர் டிரஸ், சிவப்பு மூக்கு, பெரிய ஷூ எல்லாம் போட்டுட்டு ஜனங்க நடக்கற இடத்துல சுத்திட்டிருந்தார். கடந்து வந்தவங்கள நிறுத்தி "கோமாளிய பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. தனியா சும்மா நடந்தவங்கள்ல பாதி பேர் பாத்தேன்னாங்க. போன்ல பேசிட்டு நடந்தவங்கள்ல நாலுல ஒருத்தர் தான். ரெண்டு பேரா பேசிட்டே நடந்தவங்கள்ல 71 சதவீதம் பேர் பாத்திருக்காங்க. இந்த கடைசி நம்பரை ஞாபகம் வெச்சுக்குங்க, உங்க பக்கத்து சீட் கேள்விக்கு திரும்ப வரும்.

இப்ப யோசிங்க, கோமாளிய பாக்காதவருக்கு தான் பாக்கலன்னு தெரியுமா? தெரியாது. கேட்டா தானே தெரியும். நீங்க ப்ளூடூத்ல பேசிட்டு போன பதினைஞ்சு வருஷத்துல எத்தனை பேர் உங்க வண்டிய பாத்து சட்டுன்னு பின்னாடி கால் வெச்சாங்க, எத்தனை பைக்காரங்க உங்களுக்காக பிரேக் போட்டாங்க, அதெல்லாம் உங்க கணக்குல வரவே வராது, வர வாய்ப்பே இல்ல. "எனக்கு ஒண்ணும் ஆனதில்ல"ன்னு நீங்க சொல்றது பொய்யில்ல, ஆனா அதை வெச்சு உங்க ஓட்டுதல் நல்லா இருந்துச்சான்னு முடிவு பண்ண முடியாது, ஏன்னா அந்த நேரத்துல சாட்சி சொல்ல வேண்டிய ஆளே வேற எங்கயோ இருந்தார்.

என் கதை இது தான். ஒரு நாள் ஹேண்ட்ஸ் ஃப்ரீல ஒரு நண்பர்கிட்ட பேசிட்டே வந்தேன், பணப் பிரச்சனை, கொஞ்சம் காரசாரமா போச்சு, போனை வெச்சப்போ நான் இறங்க வேண்டிய திருப்பத்தை தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டேன். அது பரவால்ல, எல்லாருக்கும் நடக்கறது தான். என்னை உலுக்கினது வேற, நடுவுல ரெண்டு சிக்னல் இருக்கு, அதுல எனக்கு பச்சை இருந்துச்சா சிவப்பு இருந்துச்சான்னு எவ்ளோ யோசிச்சும் ஞாபகமே வரல. நான் நின்னேனா, நிக்காம வந்தேனா, எதுவும் தெரியல. மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கற ஆளு நான்.

அதுக்கப்புறம் பயிற்சில ஒண்ணு சேத்துக்கிட்டேன். வண்டி எதுவும் வராத மூடின மைதானத்துல கூம்பு வெச்சு ஒரு சுத்து ஓட்ட சொல்லுவேன், நல்லா ஓட்டுவாங்க. அடுத்த சுத்துல 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சு சத்தமா சொல்லிட்டே ஓட்டணும், 93, 86, 79 அப்படி. கையும் ஃப்ரீ கண்ணும் ஃப்ரீ. முதல்ல நிக்கறது கண்ணாடி பாக்கறது, அதுவரைக்கும் சைடு மிரர், நடு மிரர்னு போயிட்டிருந்த கண்ணு நேரா முன்னாடி ஒரே இடத்துல நின்னுடும். அடுத்து வேகம், ஒரே சீரா இல்லாம ஏறி இறங்கும். 50 தாண்டறதுக்குள்ள ஒரு கூம்பு விழும். இறங்கினதும் "எத்தனை கூம்பு தட்டினீங்க"ன்னு கேப்பேன், "ஒண்ணும் தட்டலயே"ம்பாங்க. இதை வீடியோ எடுத்து காட்டினா தான் நம்பறாங்க. நீங்க இதை ரோட்ல முயற்சி பண்ணாதீங்க தயவு செஞ்சு.

சரி, பக்கத்து சீட். உங்க கேள்வில இருக்கற நியாயமான பாயிண்ட் இது. பக்கத்துல இருக்கறவரும் பேசறார், போன்ல இருக்கறவரும் பேசறார், என்ன வித்தியாசம்? பக்கத்துல இருக்கறவருக்கும் ரோடு தெரியுது. லாரிய ஓவர்டேக் பண்ணும்போது அவர் தானா பேச்சை நிறுத்துவார், நீங்க பாதி வாக்கியத்துல நின்னா ஏன்னு கேக்க மாட்டார், சில சமயம் "பாத்து, அந்த பைக்காரன் வர்றான்"னு உங்களுக்கு முன்னாடியே சொல்லுவார், அதாவது வண்டிக்குள்ள ரெண்டு ஜோடி கண்ணு. போன்ல இருக்கறவருக்கு நீங்க சோஃபால சாஞ்சிருக்கீங்களா, மழைல லாரிக்கு நடுவுல இருக்கீங்களான்னு தெரியாது, நீங்க ரெண்டு வினாடி பேசலன்னா "ஹலோ, ஹலோ, கேக்குதா?"ன்னு இன்னும் சத்தமா கூப்பிடுவார். எப்ப உங்களுக்கு கவனம் அதிகம் தேவையோ சரியா அப்ப தான் உங்கள இழுப்பார், அவர் மேல தப்பில்ல, அவருக்கு தெரியாது. 2008ல யூட்டா டீமே இதையும் சிமுலேட்டர்ல பாத்தாங்க, நெடுஞ்சாலைல கொஞ்ச தூரம் போய் ஒரு ஓய்விடத்துல வண்டிய நிறுத்தணும், அவ்ளோ தான் வேலை. பக்கத்துல நண்பரை வெச்சுட்டு பேசினவங்கள்ல பெரும்பாலானவங்க சரியா நிறுத்திட்டாங்க, போன்ல அதே நண்பர்கிட்ட பேசினவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் அந்த இடத்தை தாண்டி போயிட்டாங்க. ஆனா பக்கத்து சீட்ல இருக்கறவர் உங்ககூட சண்டை போட்டுட்டு வந்தா அது வேற கணக்கு, அதுக்கு நான் பொறுப்பில்ல.

இது எல்லாம் லேப்ல, நிஜ ரோட்ல என்ன? 1997ல கனடால டொராண்டோல ரெடல்மையர், டிப்ஷிரானின்னு ரெண்டு பேர் விபத்துல சிக்கின 699 டிரைவர்களோட போன் பில்லை எடுத்து 26,798 கால்களை அலசினாங்க. அதே ஆளோட விபத்து நேரத்தை அவரோட வேற சாதாரண நாளோட ஒப்பிட்டாங்க, அதனால "இவன் முரட்டு டிரைவர், அதான்"னு தட்டிக் கழிக்க முடியாது. போன் பேசற நேரத்துல விபத்து வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல, 4.3னு வந்துச்சு, ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கு தனியா எந்த சாதகமும் தெரியல. விபத்து ஆனப்புறம் ஆம்புலன்ஸ் போலீஸை கூப்பிட அதே போனை 39 சதவீதம் பேர் பயன்படுத்தியிருக்காங்க, போனால நல்லதும் உண்டுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. 2005ல ஆஸ்திரேலியால பெர்த்ல அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 456 டிரைவர்களை வெச்சு இதே மாதிரி பாத்தப்பயும் அதே நாலு மடங்கு தான் வந்துச்சு, அங்கயும் ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கு சலுகை இல்ல.

இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும், இல்லன்னா நாளைக்கு நீங்களே எங்கயாவது படிச்சுட்டு வந்து என்னை கேப்பீங்க. வண்டிக்குள்ள கேமரா வெச்சு, சாதாரண ஜனங்க தினமும் ஓட்டறத மாசக்கணக்கா பதிவு பண்ற ஆராய்ச்சிகள் இருக்கு, அமெரிக்கால வர்ஜீனியா டெக்ங்கற யுனிவர்சிட்டில அதிகம் பண்ணியிருக்காங்க. அதுல ஹேண்ட்ஸ் ஃப்ரீல வெறும்னே பேசறதால விபத்து கூடற மாதிரி தெளிவா தெரியல. இந்த சண்டை ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் முடியல. நான் அதை எப்படி எடுத்துக்கறேன்னா, நிஜ ரோட்ல ஆளுங்க கூட்டம் இல்லாத நேரத்துல, நேரான ரோட்ல தான் கால் பண்றாங்க, கொஞ்சம் வேகத்தை குறைச்சுக்கறாங்க, தூக்கக் கலக்கத்துல ஓட்டற லாரி டிரைவருக்கு பேச்சு முழிப்பா வெச்சிருக்கவும் உதவலாம். அதே மாதிரி எல்லா பேச்சும் ஒண்ணில்ல, "வந்துட்டேன், பத்து நிமிஷம்"ங்கறதும் சம்பள பேச்சு பேசறதும் ஒண்ணா? அதனால ஹேண்ட்ஸ் ஃப்ரீயும் கைல வெச்சு டைப் பண்றதும் ஒரே அளவு ஆபத்துன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றவங்க கொஞ்சம் மிகைப்படுத்தறாங்க. ஹேண்ட்ஸ் ஃப்ரீனா ஆபத்தே இல்லைன்னு சொன்னா அது அதை விட பெரிய தப்பு.

குடிச்சுட்டு ஓட்டறதோட ஒப்பிடறதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அது 2006ல வந்த இன்னொரு யூட்டா ஆராய்ச்சி. ஒரே 40 பேரை ஒரு தடவை சாதாரணமா, ஒரு தடவை போன் பேசிட்டு, ஒரு தடவை ரத்தத்துல ஆல்கஹால் 0.08 சதவீதம் வர்ற வரைக்கும் குடிக்க வெச்சு சிமுலேட்டர்ல ஓட்ட விட்டாங்க. குடிச்சவங்க ஆவேசமா ஓட்டினாங்க, முன்னாடி வண்டிய ஒட்டி ஒட்டி போனாங்க. போன் பேசினவங்க மந்தமா ஓட்டினாங்க, பிரேக் போட லேட் ஆச்சு, மூணு பேர் முன்னாடி வண்டில போய் முட்டினாங்க. போதைல இருந்தப்ப யாரும் முட்டல. இதை வெச்சு குடிச்சுட்டு ஓட்டறது பரவால்லன்னு யாராவது கிளம்பிடாதீங்க, ரெண்டும் வேற வேற மாதிரி கெடுக்குது.

கையும் கண்ணும் போனுக்கு போற கேஸ் இதை விட நேரடி. 2016ல வந்த ஒரு பெரிய கேமரா ஆராய்ச்சி, 3,500க்கு மேல டிரைவர்கள், அதுல கைல பிடிச்சு பேசறது விபத்து வாய்ப்பை ரெண்டு மடங்கு ஆக்குது, போனை எட்டி எடுக்கறது கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு, மெசேஜ் டைப் பண்றது ஆறு மடங்கு, டயல் பண்றது 12 மடங்கு. எட்டி எடுக்கறதை கவனிங்க, சீட்டுக்கு அடில விழுந்த போனை குனிஞ்சு தேடறதை யாரும் "போன் யூஸ் பண்றது"ன்னு கணக்குலயே எடுக்கறதில்ல. 2009ல கனரக லாரி டிரைவர்கள் மெசேஜ் பண்ணும்போது ஆபத்து 23 மடங்குன்னு வந்துச்சு, அந்த ஆபத்தான தருணங்கள்ல 6 வினாடிக்கு 4.6 வினாடி கண்ணு போன்ல இருந்திருக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போறோம், அப்ப 4.6 வினாடிக்கு 77 மீட்டர், 90ல போனா 115 மீட்டர். கண்ணை மூடிட்டு 115 மீட்டர் ஓட்டுன்னு யாராவது லட்ச ரூபாய் குடுத்தா கூட ஓட்டுவோமா?

பைக் ஓட்டறவங்க படிச்சுட்டிருந்தா, ஹெல்மெட்டுக்குள்ள போனை சொருகிட்டு பேசறது, தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிட்டு தலைய சாச்சுட்டே ஓட்டறது, இதெல்லாம் கார்க்காரங்க பண்றத விட பல படி மோசம். தலை சாஞ்சா ஒரு பக்கம் பார்வையே போச்சு. ஒரு கை போன்ல இருந்தா கிளட்சோ முன் பிரேக்கோ ஏதோ ஒண்ணு கைவிட்டு போச்சு, சின்ன குழில சக்கரம் இறங்கினா ஹேண்டில் ஒத்தக் கைக்கு அடங்காது. ஹெல்மெட்டுக்குள்ள சொருகின போன் நழுவினா ஆளு அனிச்சையா அதை பிடிக்க போவார், எந்த வேகத்துல போனாலும் சரி. கார்ல தப்பு பண்ணா சுத்தி தகடு இருக்கு, பைக்ல சுத்தி ஒண்ணுமில்ல.

"எனக்கு இது பழக்கம், நான் சமாளிப்பேன்"ங்கறவங்களுக்கு ஒண்ணு. சமாளிக்கறவங்க உண்மையிலேயே இருக்காங்க. 2010ல வாட்சனும் ஸ்ட்ரேயரும் 200 பேரை சோதிச்சதுல 2.5 சதவீதம் பேருக்கு போன்ல இருந்தாலும் ஓட்டறதுல எந்த குறையும் வரல, 200க்கு அஞ்சு பேர். இதை படிச்ச எல்லாரும் அந்த அஞ்சுல தான் ஒருத்தர்னு நெனைக்கறாங்க. 2013ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, நான் ஒரே நேரத்துல பல வேலை நல்லா பண்ணுவேன்னு அதிகமா நம்பறவங்களும், ஓட்டும்போது அதிகமா போன் பேசறவங்களும் தான் அந்த திறமைல கம்மியா மார்க் வாங்கினாங்க.

பழக்கம், அனுபவம்லாம் காப்பாத்தாதுன்னு பாக்கணும்னா ரயில் டிரைவர்களை பாருங்க. அவங்க பயிற்சிக்கு முன்னாடி நம்ம பயிற்சி ஒண்ணுமே இல்ல, ஸ்டியரிங் கூட கிடையாது, சிக்னலையும் வேகத்தையும் பாக்கறது தான் வேலை. 2008 செப்டம்பர் 12, கலிஃபோர்னியால சாட்ஸ்வொர்த்துங்கற இடத்துல பயணிகள் ரயில் ஒண்ணு சிவப்பு சிக்னலை தாண்டி போய் எதிர்ல வந்த சரக்கு ரயில்ல மோதுச்சு, 25 பேர் போயிட்டாங்க. டிரைவர் மெசேஜ் பண்ணிட்டிருந்திருக்கார், மோதறதுக்கு 22 வினாடி முன்னாடி அவர் கடைசி மெசேஜ் போயிருக்கு. அது சொந்த மெசேஜ், சரி. 2013 ஜூலை 24, ஸ்பெயின்ல சாண்டியாகோ தெ கோம்போஸ்தெலா பக்கத்துல நடந்தது வேலை விஷயமான போன், கூட பணியில இருந்தவர் தான் கூப்பிட்டார், டிரைவர் எடுத்து பேசினார். பேச்சுல எங்க வந்திருக்கோம்ங்கற கணக்கு தப்பிருச்சு, 80ல திரும்ப வேண்டிய வளைவுக்குள்ள ரயில் 180 கிலோமீட்டருக்கு பக்கத்துல நுழைஞ்சுது, 80 பேருக்கு பக்கத்துல செத்தாங்க. அந்த இடத்துல வேகத்தை தானா குறைக்கற ஏற்பாடு இல்லாததும் காரணம், ஆனா அந்த ரூட் அவருக்கு தெரியாத ரூட் இல்ல. "ஆபீஸ் கால், எடுத்து தான் ஆகணும்"னு யாராவது சொன்னா எனக்கு இது தான் ஞாபகம் வரும்.

சட்டம் ஹேண்ட்ஸ் ஃப்ரீய அனுமதிக்குதேன்னு கேக்கலாம். பிரிட்டன் 2003லயே கைல போன் பிடிச்சு ஓட்டறதை தடை பண்ணுச்சு, ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்ல 2019ல இருந்து ரோட்டுக்கு மேல கேமரா வெச்சே பிடிக்கறாங்க. பெரும்பாலான நாடுகள்ல தடை கைல பிடிக்கறதுக்கு மட்டும் தான். போலீஸுக்கும் கேமராவுக்கும் கை தெரியும், மண்டைக்குள்ள ஓடறது தெரியாது, நிரூபிக்க முடியாததை தடை பண்ணி என்ன பண்றது. 2010ல அமெரிக்கால மிசூரில ஒரு பிக்கப் வண்டிய ஓட்டின 19 வயசு பையன் 11 நிமிஷத்துல 11 மெசேஜ் அனுப்பியும் வாங்கியும், முன்னாடி நின்ன டிரக்ல மோதி, பின்னாடி வந்த ரெண்டு ஸ்கூல் பஸ்ஸும் அதுல போய் விழுந்து, ரெண்டு பேர் செத்து 38 பேருக்கு அடிபட்டுச்சு. அதை விசாரிச்ச அந்த நாட்டு போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பர்ல ஹேண்ட்ஸ் ஃப்ரீயையும் சேத்தே தடை பண்ணுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் பரிந்துரை பண்ணுச்சு. விசாரிக்கறவங்க அப்படி சொல்றாங்க, சட்டம் போடறவங்க இன்னும் அங்க வரல, ஓட்டு போடறவங்கள்ல பாதி பேர் ப்ளூடூத்ல இருக்காங்க போல.

நடைமுறைக்கு வருவோம். பரிபூரணமா இருங்கன்னு சொன்னா யாரும் கேக்க போறதில்ல, அதனால நான் பண்றத சொல்றேன். கிளம்பறதுக்கு முன்னாடியே மேப்ல போற இடத்தை போட்டுடுவேன், நடுவுல மாத்தணும்னா ஓரமா நிறுத்திட்டு தான். போன்ல "வண்டி ஓட்டும்போது தொந்தரவு வேண்டாம்"ங்கற செட்டிங் இருக்கு, ஐபோன்ல 2017ல வந்துச்சு, ஆண்ட்ராய்டுலயும் இருக்கு, ஐபோன்ல மெசேஜ் அனுப்பறவங்களுக்கு தானா ஒரு பதில் போற மாதிரியும் வெச்சுக்கலாம், அதை போட்டா "டங்"னு சத்தமே வராது. இது ஏன் முக்கியம்னா மெசேஜை படிக்காட்டியும் அந்த சத்தம் வந்தாலே மனசு "யாரா இருக்கும்"னு ஓட ஆரம்பிச்சுடும். போன் எங்க இருக்குங்கறதும் முக்கியம், மேப் தேவையில்லாத பயணம்னா பின் சீட்ல வெச்ச பைக்குள்ள போயிடும், கை எட்டாத இடத்துல இருந்தா மன உறுதியே தேவையில்ல. ப்ளூடூத்ல ஒரு காலை எடுத்தே ஆகணும்னா "ஓட்டிட்டிருக்கேன், அரை மணில கூப்பிடறேன்" அவ்ளோ தான் என் மொத்த பேச்சு. நிஜமாவே அவசரம்னா அடுத்து நிறுத்த இடம் கிடைக்கற வரைக்கும் அவசரம் காத்திருக்கும், ரெண்டு மூணு நிமிஷம் தானே.

சிக்னல்ல நிக்கும்போது பாத்துக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. 2015ல வாய்ஸ் கமாண்ட் சிஸ்டங்களை, அதாவது வாயால சொன்னா வேலை செய்யறதை, வெச்சு ஸ்ட்ரேயர் குழு பண்ணதுல, பேசி முடிச்சு எல்லாத்தையும் விட்டப்புறமும் கவனம் முழுசா ரோட்டுக்கு திரும்ப மோசமான சிஸ்டம்ல 27 வினாடி ஆச்சு, நல்ல சிஸ்டம்ல கூட 15க்கு மேல. 40 கிலோமீட்டர் வேகத்துல 27 வினாடின்னா 300 மீட்டர். சிக்னல்ல போனை பாத்துட்டு பச்சை விழுந்ததும் கீழ வெச்சீங்கன்னா, அந்த சிக்னலை கடக்கறது, குறுக்க ஓடற ஆளு, தப்பா திரும்பற வண்டி எல்லாம் அந்த 27 வினாடிக்குள்ள தான் வரும். வாய்ஸ்ல மெசேஜ் டிக்டேட் பண்றதும் இதே ரகம் தான், அது தப்பா எழுதியிருக்கான்னு பாக்க ஒரு தடவை கண்ணு கண்டிப்பா கீழ போகும்.

அப்புறம் கூப்பிடறவங்க பக்கமும் ஒரு பங்கு இருக்கு, இதை யாரும் பேசறதில்ல. வீட்ல இருந்து "எங்க இருக்கீங்க"ன்னு ரெண்டாவது தடவை கூப்பிடறோம், ஓட்டறவர் எடுக்கலன்னா கோவம், எடுத்தா ரோட்ல அவர் இல்ல. நான் இப்ப யாரை கூப்பிட்டாலும் ஹலோவுக்கு அடுத்த வார்த்தை "வண்டில இருக்கீங்களா?" தான். ஆமான்னா அவங்க அடுத்து ஏதும் பேசறதுக்குள்ள "சரி, போய் சேந்துட்டு கூப்பிடுங்க"ன்னு வெச்சுடுவேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு பேர் மூஞ்சில அடிச்ச மாதிரி வெச்சுட்டான்னு கோவிச்சுக்கிட்டாங்க, அதுல ஒருத்தர் இப்ப எனக்கே அதை பண்றார்.